படத்தில் நிற்பவரும் படம் பிடிப்பவரும்

ஹட்டனுக்கு அப்பால், பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலே ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் ஆங்கிலப் பெண்மணி துயில்கின்றார். புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படும் அவர், கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கையில் 1875ஆம் ஆண்டு குடியேறி, 1879இல் இங்கேயே மறைந்தார். இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படம்பிடித்த கைகள் இங்கே தொழிலாளரையும் கிராமத்தவரையும் படம்பிடித்தன. டெனிசன் படத்துக்கு டெனிசன் என்ற பெயர் உண்டு. இலங்கைப் படங்களிலே நிற்போரிற் பெரும்பாலாருக்குப் பெயர் இல்லை.

இஃது ஒரு கலைஞரின் தனிக்குறை அன்று. பின்வந்த காலத்தில் விற்பனையான தபாலட்டைகளிலே கூடையும் புன்னகையுமாய் நின்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்தம் முகத்தின் கீழ்ப் பெரும்பாலும் கொழுந்து பறிப்பவள் என்னும் தொழிலே அச்சாகியிருந்தது. மாலையில் அவள் திரும்பிய காம்பரா அவ்வட்டைகளில் இடம்பெறுதல் அரிது.

வீடற்றோர் என்றதும் நகரத் தெருவோரத்தில் உறங்குவோரே நினைவுக்கு வருவர். மலையகத்திலோ கூரையின் கீழ் உறங்கும் வீடற்றோர் உள்ளனர். 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. வேலை போயின் காம்பராவும் கேள்விக்குரியதாகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குரியோராக எண்ணிப் பிரித்தது. அன்று அவர்கள் கமராவின் முன் நின்றது கடவுச்சீட்டுக்காக. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை தந்தது. காலடி நிலத்துக்கான உறுதியோ பெரும்பாலாருக்கு இன்னும் கிட்டவில்லை.

இத்தகையோர் கைக்கே கமரா மாறினால் என்ன நிகழும்? இலண்டனில் 2015ஆம் ஆண்டு ‘கபே ஆர்ட்’ என்ற அமைப்பு வீடற்றோருக்கு 100 கமராக்களை வழங்கியது. அவர்கள் எடுத்தவற்றுட் சில நாட்காட்டியாயின. எடுத்தவர் பெயரும் உடன் அச்சாயிற்று. அதற்கு முன்னரே, 1990களில், சீனத்தின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்கள் தம் வாழ்வைத் தாமே படம்பிடித்து அதிகாரிகள் முன் வைத்தனர்.

லயத்தில் வாழ்பவர் எதனைப் படம்பிடிப்பார்? விடை காம்பராச் சுவரிலேயே தொங்குகின்றது. நகரத்து ஸ்டூடியோவிலே, தீட்டிய திரைக்கு முன்னால், உள்ளதிற் சிறந்த உடையணிந்து நின்ற மணமக்கள். சடங்கு நாளில் எடுத்த சிறுமியின் படம். பொட்டிட்டு மாலை சூட்டப்பட்ட பாட்டன். புகையேறிய சுவரில் அவையே துலங்குவன. வெளியிலிருந்து வருபவரோ ஒழுகும் தகரத்தையும் இடிந்த இஸ்தோப்பையும் தேடுகின்றார். சட்டமிட்ட படங்களைக் கண்டால் அவருக்குச் சற்றே ஏமாற்றம். பல்கலைக்கழகத்துக் கள ஆய்வாளரும் இதற்கு விலக்கல்லர்.

எனினும் மறுதரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அத்தகைய இடரில் நிற்கும் சுவரின் வெடிப்பை எவரேனும் படம்பிடித்தேயாக வேண்டும். விழாக்கோலம் மட்டும் வெளியே சென்றால் அநீதிக்குச் சாட்சி இல்லாமற் போகும். உண்மையே. ஆயின் வெடிப்பைப் படம்பிடிப்பதும், அதனருகே ஒரு தாயை நிறுத்தி முகத்தைச் சோகமாக வைக்கச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னையது சுவரைப் பற்றிய சாட்சி. பின்னையது ஓர் ஆளையே சான்றுப் பொருளாக்குவது. தனக்கு நன்மை தரக்கூடிய படத்தையும் வேண்டாமெனும் உரிமை அவளுக்கு உண்டா? உண்டு என்றே கொள்ளவேண்டும். அம்மறுப்பால் உதவி தாமதமாகலாம். ஆனால் அவ்விழப்பின் பொறுப்பு மறுத்தவள்மீதன்று, சோகமுகத்தைக் கண்டாலன்றி இரங்காத பார்வையாளர்மீதே சாரும்.

இன்று தோட்டத்து இளைஞர் பலரிடம் கமராவுள்ள கைத்தொலைபேசி உண்டு. கமராவைக் கொடுப்பது யார் என்ற வினா மங்கி, படத்தின் கீழ் எழுதுவது யார் என்ற வினா எழுகின்றது. கொழும்பிலே கண்காட்சிச் சுவரில் ஏறியதும் ஒரு படம் மலையகத்தின் வறுமை ஆகிவிடலாம்; எடுத்தவளுக்கோ அது தன் தங்கை பாடசாலைக்குப் புறப்பட்ட ஒரு காலை. பழைய தபாலட்டைகள் இன்றும் சேகரிப்போரிடையே விலைபோகின்றன. அவற்றுள் ஒன்றிலே தன் பூட்டி நிற்கின்றாளா எனத் தேடும் பெண்ணுக்கு, அட்டையின் ஓரத்திலே படநிலையத்தின் பெயர் மட்டுமே கிடைக்கும்.