உங்கள் காதுக்கு யார் சர்டிபிகேட் தர வேண்டும்?

பெட்டியைப் பிரித்தாயிற்று. தெர்மாக்கோலைப் பிள்ளைகள் உடைத்து விளையாடி முடித்தும் ஆயிற்று. புது ஏ.வி. ரிசீவர் மட்டும் டிவி ஸ்டாண்டின் மேல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. கேட்டால், “ஆள் வரணுங்க” என்கிறீர்கள்.

யாருங்க அந்த ஆள்? பொள்ளாச்சியில் கேட்டால், “பார்டர் தாண்டி வர்றதில்லீங்க” என்பார்கள். பாலக்காட்டில் கேட்டால், “சித்தூர் பக்கமா, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார்கள். இரண்டு ஊரின் தயவுக்கும் நடுவில் பெருமாட்டியில் காத்துக் கிடப்பதற்கா இவ்வளவு பணம் போட்டு வாங்கினீர்கள்? வரப்போகிறவருக்குக் கொம்பா முளைத்திருக்கிறது? பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்து, எந்த ஒயர் எங்கே என்று பார்த்துச் செருகப்போகிறார். அவ்வளவுதான். உங்களுக்குப் படிக்கத் தெரியும். செருக விரல் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, துணிச்சல். அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்டு வாங்கப்போகிறேன்.

நடுராத்திரியில் தோட்டத்தில் மோட்டார் நின்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், மூன்று ஃபேஸில் எந்த ஃபேஸ் போயிற்று என்று பார்க்கிற கை உங்களுடையது. ஃபியூஸ் கட்டுகிறீர்கள், ஸ்டார்ட்டரைச் சரிபார்க்கிறீர்கள். அந்தக் கைக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம்? மேனுவல் இங்கிலீஷில் இருக்கிறது என்பீர்கள். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று தமிழக–கேரள எல்லையில் வளர்ந்தவர்கள் நாம். தெரியாத சொல்லைப் பார்த்துப் பதறுவது நம் பழக்கமே இல்லை. மேனுவலில் படம் இருக்கிறது, எண் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது. போதும்.

“எனக்கென்னங்க தெரியும்” என்ற பேச்சு மட்டும் வேண்டாம். வேறு எந்த ஊர்க்காரர் சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். இந்தப் பஞ்சாயத்தில் பிறந்தவர் சொல்லக் கூடாது. பிளாச்சிமடை இங்கேதான் இருக்கிறது.

2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று முதலில் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல. அந்தத் தண்ணீரில் சோறு வடித்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். வாயில் வைத்தார்கள், ருசி சரியில்லை, சொன்னார்கள். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா பெரிய படிப்பெல்லாம் படித்தவர் அல்ல. ரசாயனம் படித்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. 2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து, உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஒரு கிராமப் பஞ்சாயத்து உலகப் பெரும் நிறுவனம் ஒன்றின் உரிமத்தில் கை வைத்ததை நாடே திரும்பிப் பார்த்தது.

குடிதண்ணீர்ப் போராட்டத்தையும் சினிமா பார்க்கிற பெட்டியையும் ஒன்றாகப் பேசுகிறாயே என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும், நியாயம்தான். அது வாழ்வாதாரம், 2010-ல் அரசின் உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட இழப்பு. இது பொழுதுபோக்கு. இரண்டும் சமமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நாக்கு சொன்னதை நம்பிய ஊரில் பிறந்துவிட்டு, காது சொல்வதை நம்ப மாட்டேன் என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். “வசனம் தெளிவா இல்லைன்னு தோணுது, ஆனா எனக்கென்ன தெரியும்” என்று இழுக்கிறீர்கள். தோன்றினால் தெளிவாக இல்லை. முடிந்தது விசாரணை. ஏன் இல்லை என்று தேடுவதுதான் பாக்கி.

வாருங்கள், தேடுவோம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயர் மாட்டும்போது மின்சாரம் கூடாது.

ஸ்பீக்கர் ஒயரின் முனையில் அரை அங்குலம் தோலை உரித்து, உள்ளே இருக்கும் இழைகளை இறுக முறுக்குங்கள். ஒரு இழைகூடப் பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொடக் கூடாது. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஏதோ ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிவிட்டால் எதுவும் எரியாது, புகையாது. அதனால்தான் பலர் கவனிப்பதே இல்லை. பேஸ் மெலிந்துவிடும். பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறிக் கிடக்கும். சந்தேகமிருந்தால் ஒயரின் ரிசீவர் பக்க முனையைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ரிசீவரின் சிவப்பில் இருந்த இழையிலும் மைனஸை மற்றதிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் பக்கம் ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்குப் போயிருந்தால் வூஃபரின் கூம்பு முன்னால் வரும். பின்னால் போனால் ஒயர் தலைமாறியிருக்கிறது. டார்ச்சில் கிடக்கிற பேட்டரிதான், தனியாகக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

டிவிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும். ஆனால் டிவியின் எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. ‘ஏ.ஆர்.சி.’ என்றோ ‘ஈ.ஏ.ஆர்.சி.’ என்றோ எழுதியிருக்கும் ஓட்டையில் செருக வேண்டும். மறுமுனை, ரிசீவரில் ‘அவுட்’ என்று இருக்கும் ஓட்டையில். டிவியிலிருந்து ஒலி திரும்பி வருகிற இந்த வழி 2009-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4-லிருந்து இருக்கிறது. கேபிளை மாட்டினால் மட்டும் அது திறக்காது. டிவி மெனுவில் சி.இ.சி. என்ற வசதியை ஆன் செய்ய வேண்டும். இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனிப் பெயர் சூட்டி நம்மைச் சுற்றவிடுகிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். மூன்றும் ஒரே சரக்குதான்.

படம் ஓடுகிறது, முன்னால் இரண்டு ஸ்பீக்கரில் மட்டும்தான் சத்தம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கையைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்காதீர்கள்! ரிசீவரின் முகப்பில் எழுத்து ஓடுகிறதே, அதைப் படியுங்கள். என்ன ஒலி உள்ளே வருகிறது என்பதை அதுவே சொல்லும். ‘பி.சி.எம்.’ என்று காட்டினால், பெரும்பாலும் டிவிதான் ஐந்து சேனலையும் பிசைந்து இரண்டாக்கி அனுப்புகிறது. டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ் த்ரூ’ என்று மாற்றுங்கள். மாற்றியும் பின்னால் சத்தம் வரவில்லையா? ஓடுவது பழைய பாட்டாக இருக்கும். இரண்டு சேனலில் பதிவான பாட்டுக்குப் பின் ஸ்பீக்கரில் ஒலி கிடையாது. ரிசீவர் வேண்டுமானால் சரவுண்ட் மோடில் இட்டுக்கட்டித் தரும். அது உங்கள் குற்றமும் அல்ல, பெட்டியின் குற்றமும் அல்ல.

இப்போது சொல்லப்போவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பழுதானாலும் பாதியாக வெட்டுங்கள். ரிசீவருக்குள்ளேயே ‘டெஸ்ட் டோன்’ இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முறை வைத்து ‘உஸ்ஸ்’ என்று சத்தம் போடும். எல்லாவற்றிலும் வந்தால் ரிசீவர், ஒயர், ஸ்பீக்கர் மூன்றும் நிரபராதிகள். பெரும்பாலும் டிவி பக்கம்தான் கோளாறு. வலது ஸ்பீக்கர் மட்டும் ஊமையாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் ஒயரை இடது டெர்மினலில் மாட்டுங்கள். இப்போது பேசுகிறதா? அப்படியென்றால் ஒயரும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, வலது டெர்மினலையோ செட்டிங்கையோ பாருங்கள். இன்னும் ஊமையா? ஒயரை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பீக்கர்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பின்பு காது கொடுத்துக் கேட்பது. பதற்றத்தில் நாலு ஒயரையும் பிடுங்கி மாற்றி மாட்டினால் எது மாறி எது சரியானது என்று கடவுளுக்கும் தெரியாது. பெரிய மெக்கானிக்குகளின் ரகசியம் என்று நினைக்கிறீர்களே, இதற்கு மேல் அவர்களிடம் அதிகம் ஒன்றுமில்லை.

ஆன் செய்ததும் ‘புரொடெக்ட்’ என்று காட்டி அணைந்துவிடுகிறதா? செத்துவிட்டது என்று அழாதீர்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்று எரிந்தால், நான் முன்னால் சொன்ன அந்தப் பிரிந்த ஒற்றை இழைதான் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஒயராக மாட்டி ஆன் செய்து பாருங்கள். எந்த ஒயரில் திரும்ப அணைகிறதோ அங்கே இருக்கிறது வினை. ஒயர் எதுவும் இல்லாதபோதும் அணைந்தால், அது உள் பழுது. அப்போது சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள், வெட்கமில்லை.

‘ம்ம்ம்’ என்று விடாமல் ஒரு ரீங்காரம் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் அந்த வழியாகத்தான் வருகிறது. நிற்காவிட்டால் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர்களின் ஒலியை அளவு பார்க்க ரிசீவரோடு ஒரு குட்டி மைக் கொடுத்திருப்பார்கள். அதை நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊரில் இன்னொன்றும் செய்ய வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஆனி, ஆடியில் எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் ஆகிறது. பக்கத்து ஸ்பீக்கரும் தூரத்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேர, ரிசீவர் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளும்.

கணக்கு முடிந்ததும் உங்கள் முறை. சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. சண்டைச் சத்தம் காதைப் பிளந்து, பேச்சு முணுமுணுப்பாகக் கேட்டால், சென்டர் லெவலை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். மைக் போட்ட கணக்கை மாற்றலாமா என்று யாரிடமும் கேட்காதீர்கள். மைக்கா உட்கார்ந்து படம் பார்க்கப்போகிறது? சப்வூஃபரில் இருக்கும் கிராஸோவர் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு, ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். பேஸ் கொழகொழ என்று இருந்தால், சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் தூக்கி வைத்து ஒரு பாட்டைப் போட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் பேஸ் சுத்தமாகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கி வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அன்றைக்கு ராத்திரி படம் பார்க்கும்போது வாயடைத்துப்போவார்கள்.

படிப்பில்லையே என்று இன்னமும் தயங்குகிறவருக்கு ஒரு பெயர் சொல்கிறேன், ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கி, அக்கக்காகப் பிரித்து மாட்டித் தொழில் கற்றார். 1920-ல் ஒரு பஸ்ஸோடு ஆரம்பித்தார். எந்தத் தடத்தில் தெரியுமா? பொள்ளாச்சி–பழனி. மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்குகிறீர்களே, அதே பொள்ளாச்சி.

ஆனால் நாயுடு மாதிரி இந்தப் பெட்டியைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். மூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். துணிச்சல் வேறு, குருட்டுத் துணிச்சல் வேறு. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி என்றால் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்க்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் பெட்டி நம் 230-ல் ஒரு நொடியும் தாங்காது. ரிசீவருக்கு மேலே நாலு விரல்கடையாவது காற்றுக்கு இடம் விடுங்கள். மார்ச், ஏப்ரலில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஜில்லா இது, மேலே துணி போட்டு மூடி அழகு பார்க்காதீர்கள். ஐப்பசி இடிக்கும் கோடை இடிக்கும் பிளக்கைப் பிடுங்குங்கள், டிஷ் ஒயரையும் சேர்த்து. சுவிட்சை அணைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரியே உட்காருங்கள். சாப்பிட்டு முடித்ததும் டார்ச், ஒயர் வெட்டும் கத்தி, மேனுவல் மூன்றையும் எடுத்து வையுங்கள். வீட்டுப் பெண்பிள்ளையையும் கூப்பிட்டு ஒயர் உரிக்கச் சொல்லுங்கள், இது ஆண்கள் வேலை என்று எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ரிசீவர் வாங்கிவிட்டு “ஆள் வரணுங்க” என்று உட்கார்ந்திருந்தால் நீங்களே போய் மாட்டிக் கொடுங்கள். அதற்குக் கூலியும் கேட்டு வாங்குங்கள்.