நோயை மறைக்கலாமா?



உத்தியோகத்தில் இருக்கும் காலமெல்லாம் "நோய் வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். உத்தியோகம் போகும் நாளில் அந்த நிம்மதியும் கூடவே போய்விடுகிறது. இது புதிய சங்கதியன்று. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பெரியவர்கள் கண்ணால் கண்டதுதான். மரம் வெட்டும் வரையில் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதும் வேலையும், லயன் வீடும், மருந்தும் ஒன்றாகப் போயின. பால்வாளி தூக்கியவருக்கு நேர்ந்தது இன்று கழுத்துப்பட்டி கட்டியவருக்கும் நேருகிறது. 2015ஆம் ஆண்டில் மலேசிய விமான நிறுவனம் சுமார் 6,000 பேரை வேலையிலிருந்து விலக்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையக்கூடாது என்ற சட்டம் 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆயினும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஐம்பதிலேயே வெளியேறுவோர் நம்மிடையே குறைவில்லை.

அவர்களில் ஒருவர், 52 வயதுக்காரர், ஈப்போவில் நமது மளிகைக் கடைக்கு வழக்கமாக வருபவர். ஒரு நாள் கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். வைத்தியச் செலவுக்கான காப்புத் திட்டத்தின் படிவம் அது. "நீரிழிவு உண்டா?" என்று ஒரு கேள்வி. அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. படிவம் கொண்டுவந்த முகவரோ, "இல்லை என்று எழுதிவிடுங்கள், சந்தா குறையும்" என்று சொல்லிப் போய்விட்டாராம். "தம்பி, ஒரே ஒரு வார்த்தைதானே! நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நமக்கு உடனே பதில் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில், இப்படிக் காப்புத் தேடுவதே தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், அதைக் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸில் வருகிறது. யூசுப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு வருஷத்தில் பஞ்சமான ஏழு வருஷத்துக்குத் தானியம் சேர்த்ததும் நாமறிந்ததே. ஆகவே முன்னேற்பாடு செய்வது ஈமானுக்குக் குறைவாகாது. எந்த வழியில் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

வழக்கமான ஆயுள் இன்ஷூரன்ஸில் வட்டியும், சூதும், நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் அது கூடாதென்று 1972இல் நம் நாட்டு உலமாக்கள் தீர்ப்பளித்தார்கள். அதன் பின்னர் 1984இல் தக்காஃபுல் சட்டம் வந்தது. மறு வருஷமே முதல் தக்காஃபுல் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது என்பதே அச்சொல்லின் பொருள். நாம் கட்டும் சந்தாவில் நன்கொடையாக ஒதுக்கும் பகுதி ஒரு பொது நிதியில் சேருகிறது. நிறுவனம் அதை நிர்வகித்துக் கூலி பெறுகிறது. நம்மில் நோயுற்றவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்படுகிறது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதா? அஷ்அரி கூட்டத்தார் உணவு குறைந்தபோது அவரவரிடம் இருந்ததை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபி (ஸல்) அவர்கள் மெச்சினார்கள். நம் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். தனியாளால் ஆகாதது கூட்டாக ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருவோம். "நிறுவனம் கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறது; அதனிடம் ஒரு பொய் சொன்னால் என்ன?" என்று கேட்கலாம். யாரிடம் சொன்னாலும் பொய் பொய்தான். அதிலும் இந்தப் பொய் நிறுவனத்தோடு நிற்பதில்லை. பொது நிதியில் பணம் போட்டிருக்கும் மற்றவர் பாத்திரத்தில் கை வைக்கிறது. அங்கே சந்தா கட்டுபவர்களில் விதவை இருப்பாள், டாக்சி ஓட்டுபவர் இருப்பார். நோயை மறைத்தவரின் பாரத்தை அவர்கள் அறியாமலே சுமக்கிறார்கள். சந்தா ஏறுவதற்கு வைத்தியச் செலவு ஏறுவது முக்கிய காரணமென்பது உண்மை. 2024 டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று வருஷங்களில் பரப்பி வசூலிக்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. பிறர் ஏற்றிய பாரத்தோடு நம் பொய்யையும் சேர்த்து ஏற்ற வேண்டுமா?

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலில் கைவிட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னான். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள்.

நமக்குப் பதில் வராத காரணம் இதுவே. கடை வைத்த புதிதில், மழைத் தண்ணீர் புகுந்து நனைந்த அரிசியை நல்ல அரிசியோடு கலந்து விற்றிருக்கிறோம். ஒரு மூட்டை நஷ்டத்தைத் தாங்க மனமில்லை. மதரஸாவில் ஓதிய ஹதீஸ் கல்லாப்பெட்டி முன்னால் நினைவுக்கு வரவில்லை. யார் வீட்டு உலையில் அது வெந்ததோ, இன்றுவரை தெரியாது. இதை அவரிடம் சொன்னோம். அவர் பேசாமல் படிவத்தை மடித்துக்கொண்டு போனார்.

மறு வாரம் வந்தார். "உண்டு" என்று எழிதியாயிற்றாம். சந்தாவைக் கொஞ்சம் கூட்டி, சர்க்கரையால் வரும் நோய்களைத் தவிர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். உண்மைக்கு விலை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொய்யின் விலை அதனினும் பெரிது. பிற்பாடு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பழைய கிளினிக் சீட்டு வெளிப்பட்டால் பணம் மறுக்கப்படலாம்.

அவர் கணக்குப் போட்ட விதம் மற்றவர்க்கும் பயன்படும். 52 வயதில் கட்ட முடிகிறதா என்று பார்க்காமல், வருமானம் சுருங்கி, வயதோடு சந்தா ஏறி நிற்கும் 70 வயதில் கட்ட முடியுமா என்று பார்த்தார். பில்லில் முதல் சில ஆயிரம் வெள்ளியைத் தாமே கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, சந்தா குறைந்த சிறிய திட்டத்தை எடுத்தார். அந்தச் சில ஆயிரத்தை நஷ்டஈட்டுத் தொகையிலிருந்து முதலிலேயே தனியே எடுத்து வைத்தார். சர்க்கரைக்கு அரசாங்கக் கிளினிக். சீட்டுக்கு ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஐந்து வெள்ளி. காத்திருப்பது ஒன்றுதான் கஷ்டம். அவர் வருந்தியது ஒன்றே: புதுத் திட்டத்தில் சாதாரணமாக 30 நாளும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளும் காத்திருக்க வேண்டியிருப்பதால், வேலையில் இருக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும்.

இனி ஒரு கேள்வி நம் சமுதாயத்துக்கு. உண்மையை எழுதியதால் எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படாதவர் என்ன செய்வார்? "பொய் சொல்லாதே" என்று உபதேசம் செய்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? பேராக் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஜகாத் நிதியில் மருத்துவ உதவி உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது நம் வேலை. பள்ளிவாசல்தோறும் மரண கைராத் நிதி இருக்கிறது. வருஷத்துக்குச் சிறு தொகை கொடுத்து, ஒரு சகோதரர் மௌத்தானால் கபனுக்கும் கப்ருக்கும் கவலையில்லாமல் செய்திருக்கிறோம். இறந்தவரை அடக்கக் கூடிச் சேர்க்கத் தெரிந்த நமக்கு, உயிரோடிருப்பவரின் மருந்துக்குக் கூடிச் சேர்க்கத் தெரியாதா? உண்மை சொன்னவன் தனித்து நிற்கும் ஊரில் பொய் பெருகினால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஈரத்தை மேலே வைத்து வாழும் மனவுறுதியையும், அப்படி வைத்தவரைக் கைவிடாத நெஞ்சையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.