ஏட்டைக் காத்தவர் யார்?

பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் எழுத்தச்சன் குருமடம் அமைந்துள்ளது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தை அங்கே கழித்தார் என்பது மரபு. அவர் கைப்பட்டதாக நம்பப்படும் எழுத்தாணி அங்கே போற்றப்படுகிறது. வடமொழி அத்யாத்ம ராமாயணத்தை அவர் மலையாளக் கிளிப்பாட்டாக்கினார். அது கர்க்கடக மாதத்தில் இன்றும் இல்லந்தோறும் பாராயணம் செய்யப்படுகிறது. எனில், ஒன்றைக் காப்பது என்பது பூட்டி வைப்பதா, வழங்குவதா?

இடைக்கால ஐரோப்பிய மடங்களில் துறவியர் தோல் ஏடுகளுக்குப் பொன்னாலும் வண்ணத்தாலும் ஒளியூட்டினர். தென்னாட்டு ஏடுகள் பெரும்பாலானவற்றிற்கு ஒளி தந்தது விளக்குக் கரியே. பனை அல்லது தாளிப்பனையின் ஓலையை நரம்பு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, அளவாக நறுக்குவர். எழுத்தாணி கீறிய கோடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்த பின்னரே எழுத்து விளங்கும்.

இத்தனை உழைப்பில் பிறந்த ஏட்டையும் ஈரமும் கறையானும் சில நூற்றாண்டுகளில் அழித்துவிடும். அதற்குள் ஒருவர் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியாக வேண்டும். அவ்வாறு எழுதியோருள் பலருடைய பெயரும் மறைந்துவிட்டது. சிலர் ஏட்டின் இறுதியில், தம் பிழையைப் பொறுக்குமாறு கற்றோரை வேண்டிக்கொண்டு நின்றனர். நூலும் தமதன்று, புகழும் தமதன்று என்றிருந்த பணி அது.

பூட்டி வைத்தோர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. படியெடுக்குந்தோறும் பிழை பெருகும். அறியாதார் கையில் நூல் சிதையும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் எவரும் தொடாத ஏடு பெட்டிக்குள்ளேயே பொடியாயிற்று. பலர் கைக்கும் சென்ற நூல் பிழைகளோடு பிழைத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓர் ஏடு தவறவிட்டதை மற்றோர் ஏடு காட்டிக் கொடுத்தது. ஒரே ஒரு படி மட்டும் எஞ்சியிருந்தால் அதன் பிழையை அறிவதற்கே வழியிராது.

ஆகவே, வழங்குவதால் நேரும் குறையை மேலும் வழங்குவதே தீர்க்கிறது. தகுதியுடையோர்க்கே தருவேன் என்று காத்திருப்பவர், அத்தகுதி வளர்வதற்கான வழியையும் அடைத்துவிடுகிறார். ஓலைக்கு மட்டுமா இந்த நியதி? கற்ற கல்விக்கும், பெற்ற அருளுரைக்கும், குடும்பத்தில் வழிவழி வந்த நல்லொழுக்கத்திற்கும் அதுவே நியதி. தான் பெற்றதை இன்னொருவருக்கு ஒப்படைக்கும் வரையில், எவரும் அதனைக் காத்தவராகார்.