அழிக்கும் உரிமை யாருக்கு?



2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன், விண்டோஸ் 10 என்னும் கணனி இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பல பழைய கணனிகளை ஏற்பதில்லை. ஆகவே, வீட்டு மூலையில் இருக்கும் மேசைக் கணனியை என்ன செய்வது என்ற பேச்சு பல குடும்பங்களில் எழுந்திருக்கும். "உள்ளதெல்லாவற்றையும் அழித்துவிட்டு, வேறோர் இயங்குதளத்தைப் போட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை சொல்லும். நல்ல யோசனைதான். ஆயினும் அதற்குள்ளே ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. அழிக்கும் உரிமை யாருக்கு உண்டு?

முதலில், அழித்தல் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்று பார்ப்போம். ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு, அவ்விடத்தில் வெற்றுத் தாளொன்றை ஒட்டினால் புத்தகம் வெறுமையாகிவிடுமா? பக்கங்கள் அப்படியே இருக்கும். சாதாரண வன்தட்டை விரைவு முறையில் 'போமற்' செய்யும்போது நடப்பது ஏறக்குறைய இதுதான். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை மட்டும் நீங்குகிறது. கோப்புகளின் உள்ளடக்கம், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை தட்டிலேயே கிடக்கிறது. புதிய இயங்குதளமோ 500 ஜிகாபைட் வன்தட்டொன்றில் சிறு பங்கையே நிரப்பும். எஞ்சிய இடத்தில் பழையவை உறங்கிக்கொண்டிருக்கும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த சிம்சன் கார்பிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவர், பிறர் பாவித்துக் கைமாற்றிய 158 வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வாசிக்க முடிந்தவை 129. அவற்றுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. ஏனையவற்றில், 'போமற்' செய்யப்பட்டவற்றிலும்கூட, தனிப்பட்ட கடிதங்களும் மருத்துவ விபரங்களும் கடனட்டை எண்களும் இருந்தன.

"எங்கள் வீட்டில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கணனிக்குள் இருப்பவை யாருடையவை என்று சற்று எண்ணிப் பாருங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு தந்தையின் பெயரில் இருக்கலாம். உள்ளேயோ பாட்டியின் நோய் அறிக்கை இருக்கும்; மகளின் வேலை விண்ணப்பம் அடையாள அட்டை இலக்கத்தோடு இருக்கும்; துயரத்தில் இருந்த ஒரு நண்பர் நம்மை நம்பி எழுதிய மடல் இருக்கும். அயலவர் பாதுகாப்புக்காகத் தந்த நகை நமது அலுமாரியில் இருக்கையில், அலுமாரியை அப்படியே விற்றுவிடுவோமா? அல்லது, இடம் வேண்டுமென்று நகையைக் கிணற்றில் எறிந்துவிடுவோமா? இரண்டும் தவறே. அலுமாரி நம்முடையது, நகை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கணனிக்குள் இருப்பவற்றுக்கும் நாம் பெரும்பாலும் காவலர்களேயன்றி உரிமையாளர் அல்லர்.

மனிதனுடைய மறதி அவனது கட்டளைக்கு அடங்குவதில்லை. மறக்க விரும்புவது நெஞ்சில் நிற்கும்; நினைக்க விரும்புவது நழுவிப்போகும். புனித அகுஸ்தினார் தமது ஒப்புதல்கள் நூலின் 10 ஆம் பகுதியில், நினைவை விசாலமான மாளிகையாகக் கண்டு, மறதியையும் நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்று திகைத்து நிற்கிறார். கணனியோ வேறு. சொன்னால் மட்டுமே அது மறக்கும். ஆகவே இங்கு மறதி நமக்கு நேர்ந்துவிடும் ஒன்றன்று. நாம் செய்யும் ஒரு செயல். செயலுக்குப் பொறுப்பு உண்டு. பொறுப்பு உள்ள இடத்தில் மனச்சாட்சி பேச வேண்டும்.

இழப்பின் பாரம் நமது மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இடம்பெயர்வுகளின்போது உடுத்த உடையோடு வெளியேறியவர்கள், வீட்டை மீண்டும் கட்டிய பின்னரும், விட்டுவந்த அல்பத்தை எண்ணி வருந்துகிறார்கள். திருமணப் படமொன்றுகூட இல்லாத பெற்றோர் எத்தனை பேர்! அன்று பகையும் தீயும் செய்ததை, இன்று அவசரம் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடும். "எல்லாவற்றையும் அகற்றுவதற்குச் சம்மதமா?" என்று கணனி கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் முன்னால் அமர்ந்திருப்பவரிடம் மாத்திரமே கேட்கிறது. இறந்துபோன கணவரின் குரல் ஒரு கோப்பில் இருக்கிறதென்று, அடுக்களையில் நிற்கும் அம்மாவிடம் அது கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு விதமான அழிப்பும் உண்டு. சங்கமொன்றின் கணக்குகளை வைத்திருப்பவர், பதவி மாறும் வேளையில், "புதிதாகத் தொடங்குவோம்" என்று சொல்லிக் கணனியைத் துடைத்துவிட்டுக் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். சொல் இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு அங்கத்தவர் அனைவருக்கும் உரியது. பிறருக்குக் காட்டக் கடமைப்பட்டதை அழிப்பது துப்புரவு ஆகாது, அது அநீதி.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? முதலில் வீட்டார் எல்லோருக்கும் அறிவியுங்கள். அவரவர்க்கு உரியதை அவரவர் தெரிந்தெடுக்கட்டும். அவற்றை வேறொரு சேமிப்பகத்தில் பிரதி செய்து, இன்னொரு கணனியில் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். பிரதி எடுத்தோம் என்ற நினைப்பு மட்டும் போதாது. அதன் பின்னர் அழிக்கும்போது முழுமையாக அழியுங்கள். பழைய சுழலும் வன்தட்டாயின் முழுப் பரப்பின் மீதும் ஒரு தடவை மேலெழுதுவது பொதுவாகப் போதுமானது. விண்டோஸில் மீளமைக்கும்போது எல்லாவற்றையும் அகற்றுவதோடு, தட்டைத் துப்புரவாக்கும் தெரிவையும் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகைச் சேமிப்பகத்தில் மேலெழுதுதல் எல்லா மூலைகளையும் எட்டுமென்று சொல்ல முடியாது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவதே நலம். பழுதடைந்து இயங்காத வன்தட்டைக் கழற்றி உடைத்துவிடுங்கள். அப்படியே பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒருவர் முற்றிலும் தமது சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளை அச்சட்டம் தனது எல்லைக்குள் கொண்டுவரவில்லை. அது நியாயமே. ஒவ்வொரு வீட்டு அலுமாரியையும் சட்டம் திறந்து பார்க்க இயலாது. ஆகையால், வீட்டுக்குள்ளே பிறருடைய இரகசியத்தையும் நினைவையும் காப்பது நம்முடைய நேர்மையிலேயே தங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய கணனி ஒன்று இருக்கலாம். அதை அழிக்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அழிக்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டு, காக்க வேண்டியதைக் காத்துவிட்டு, முழுமையாக அழியுங்கள். இன்றிரவு உணவு வேளையில் எல்லோரும் கூடியிருக்கும்போது, "இதற்குள் உங்களுடையது ஏதும் இருக்கிறதா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நீங்கள் நினைத்திராத ஒருவர் "ஆம்" என்று சொல்லக்கூடும்.