ஒரு முழம் தள்ளி

“தாகமெல்லாம் இல்லக்கா. சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சொன்னவள் என் தங்கைக்கு அடுத்த கட்டில்காரி. அரசு மருத்துவமனை, பிள்ளை பெற்றவர்களின் வார்டு, நடுச்சாமம் தாண்டிய நேரம். அன்று பகலில்தான் அவளுக்குச் சிசேரியன். கூட இருந்த அம்மா ஃபிளாஸ்க்கோடு கீழே போயிருந்தார். கட்டிலோரத்து இரும்பு லாக்கரின் மேலிருந்த தண்ணீர் பாட்டிலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் மூடியைத் திறந்து, தலையைத் தாங்கிக் கொடுத்தேன். பாதி பாட்டில் காலியான பிறகுதான் அப்படிச் சொன்னாள்.

அந்தப் பாட்டிலுக்கும் அவள் விரல்நுனிக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். நமக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் கையை எட்டி நீட்டினால் முதலில் இழுபடுவது அடிவயிறு என்பது அங்கே தையல் விழுந்த பிறகுதான் உறைக்கும். எழுந்திருப்பதற்கே ஒரு முறை உண்டு: ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையால் தையலைத் தாங்கிக்கொண்டு, மறு முழங்கையை ஊன்றி மெல்ல எழ வேண்டும். அதுவும் மறுநாள் காலையில்தான் சொல்லித் தருவார்கள். அன்றிரவு ஒரு கையில் டிரிப்ஸ், கீழே யூரின் டியூப், சுவரோரம் குழந்தை.

அவளை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் எனக்கு இத்தனை உறுத்தல் இருக்காது. திட்டிவிட்டு மறந்திருப்பேன். சிஸ்டர் வந்து பிரஷர் பார்த்தார், உதிரப்போக்கைப் பார்த்தார், டியூபில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார், வலிக்கு ஊசி போட்டார், குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ‘ஆறு மணி நேரம் ஆச்சு, இனி தண்ணி குடிக்கலாம்’ என்று சொன்னவரும் அவர்தான். தரை துடைத்த அம்மா லாக்கரை நகர்த்தி, அதன் அடியையும் விடாமல் துடைத்தார். திரும்பத் தள்ளியபோது அது பழைய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. சாயங்காலம் வந்த உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைக்க இடம் செய்ததில் பாட்டில் மறுகோடிக்குப் போனது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். பாட்டிலை இந்தப் பக்கம் நகர்த்தி வைப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64-ஐ ஒட்டி வரும். 2011-இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியனும் இலவசம். ஏழு நாள் வரை சாப்பாடும் இலவசம். இதெல்லாம் சின்ன விஷயமில்லை. ஏழு நாள் சாப்பாட்டை அரசாணையில் எழுதிவிடலாம். லாக்கரை எந்த ஆணையில் எழுதுவது?

எங்கள் ஆச்சி வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கென்று ஓர் அறை உண்டு. பாதி இருட்டு, மீதி பூண்டு வாசனை. சித்தி அங்கே கிடந்தபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். முனகல் கேட்கும் முன்னே ஆச்சி போய் நிற்பாள். கால் நீவுவது, வயிற்றுக்குத் துணி கட்டுவது, காயம் இடித்து உருண்டை பிடித்துக் கொடுப்பது, எதையும் சித்தி கேட்டு ஆச்சி செய்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் தரமாட்டாள். பச்சைத் தண்ணீர் குடித்தால் பெற்றவளுக்கு வயிறு போட்டுவிடும் என்பாள். சுக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர்தான், அதுவும் அளந்து. பால் கொடுக்கிறவளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும் என்பதை அவளிடம் சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தைரியம்?

ஒரு மத்தியானம், ஆச்சி அயர்ந்த நேரத்தில், சித்தி என்னைக் கூப்பிட்டாள். “ஏட்டி, குடத்துல இருந்து ஒரு செம்பு மொண்டு வா. ஆச்சிட்ட சொல்லிராத.” மூச்சுவிடாமல் குடித்தாள்.

சித்தி கேட்டது என்னிடம். ஆச்சியிடம் அல்ல. ‘இதுகூடப் பொறுக்க மாட்டியா’ என்று சின்னப் பிள்ளை சொல்லாது. நம்மை எடைபோட மாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடம்தான் வாய் திறக்கிறோமோ?

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியர் பணி பற்றிய புத்தகத்தை எப்போதோ படித்தேன். பெரும்பாலும் மறந்துவிட்டது. நீ அருகில் இருக்கும்போது செய்வதெல்லாம் நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போ, அது இல்லையென்றால் மற்ற கவனிப்பெல்லாம் வீண் என்ற கருத்து மட்டும் தங்கியிருக்கிறது. இதே அம்மையார்தான் 1871-இல், வீட்டில் பெறுகிறவர்களைவிடப் பிரசவ விடுதிகளில் பெறுகிறவர்களே அதிகம் சாகிறார்கள் என்று கணக்குக் காட்டிப் புத்தகம் போட்டவர். அந்தக் கணக்கை இன்றைய மருத்துவமனைகள் புரட்டிப் போட்டுவிட்டன. முதல் புத்தகத்தில் சொன்னது அப்படியே நிற்கிறது.

சரி, கட்டிலுக்குக் கட்டில் மணி வைத்துவிட்டால்? அடித்திருப்பாளா? பாதி பாட்டிலைக் குடித்துவிட்டுத் தாகமில்லை என்பவள் மணி அடிக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன். ‘இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க’ என்று கேட்டு வளர்ந்த பெண்தானே அவளும்.

இல்லை, அவள் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வறண்டது தொண்டை மட்டுமாக இருக்கலாம். நீட்டிவிட்டாளே என்று மரியாதைக்குக் குடித்திருக்கலாம். என் தங்கையைக் கேட்டால், “கூச்சத்துல ஏதோ சொல்லியிருப்பா, இதைப் போயி நோண்டிக்கிட்டு இருக்கியே” என்கிறாள்.

கேட்கும் முன் கொடுப்பது ஆச்சியின் வழி. அதில் எது வேண்டும் என்று தீர்மானிக்கிறவளும் ஆச்சிதான். கேட்டால் கொடுப்பது வார்டின் வழி. அங்கே கேட்க வாய் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே வேறொன்று இருக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவில்லை. அப்படி ஒரு வார்டில் கிடந்துவிட்டு வந்தவர்கள் இதைப் படித்தால், அந்த நேரத்தில் யாரிடமும் ஏன் கேட்கவில்லை என்பதை எனக்குச் சொல்லுங்கள்.