கீவஸ்

லிதுவேனிய மொழியில் 'கீவென்த்தி' என்றால் வாழ்வது. வில்னியஸில் ஒருவரிடம் வீடு எங்கே என்று விசாரிக்கவும் அதே வினைதான்: 'கூர் கீவெனி?' எங்கே வாழ்கிறாய்? குடியிருப்பதற்கென்று தனிச்சொல் தேடுவதில்லை.

*

வினைக்கு அடியில் இருப்பது 'கீவஸ்', உயிருள்ள என்று பொருள். முதல் எழுத்தைக் கங்கையின் 'க' போல ஒலிக்க வேண்டும். சமஸ்கிருத 'ஜீவ'வும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அங்கே ககரம் ஜகரமாக இளகியது. இங்கே ககரமாகவே நின்றது. வடமொழி வழியாக ஜீவன், ஜீவனம் என்று அந்த வேர் தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

*

'கீத்தி' என்றொரு உறவுச் சொல். காயம் ஆறுவதைக் குறிப்பது. நமக்குப் புண் ஆறுகிறது, சூடு தணிவதுபோல. அவர்களுக்குப் புண்பட்ட இடம் மறுபடி உயிர் பிடிக்கிறது. அதிலிருந்து வந்ததுதான் மருத்துவருக்கான 'கீதீத்தோயஸ்'. பிழைக்க வைப்பவர். நோயாளியின் பக்கத்தில் நின்று வைத்த பெயர் என்றே எனக்குப் படுகிறது.

அதே வேரில் பாம்பு 'கீவாத்தே'. பாதரசம் உயிருள்ள வெள்ளி. தோட்டத்தைச் சுற்றி வளர்க்கும் செடிவேலி 'கீவத்வோரே'. பிரித்தால், சொல்லுக்குச் சொல் நம் உயிர்வேலி. தொலைவில் இருக்கும் இரண்டு மக்கள் ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

*

ஆகஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மன் அறிஞர் 1852இல் கிழக்குப் பிரஷ்யக் கிராமங்களுக்குப் போய், குடியானவர்களிடம் கேட்டு இந்த மொழிக்கு இலக்கணம் எழுதினார். பழமை அங்கே அன்றாடப் பேச்சாக இருந்தது.

பிறகு சோதனை வந்தது. 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனியம் அச்சிட லிதுவேனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசு தடை விதித்தது. பிரஷ்யாவில் அச்சான புத்தகங்களைச் சுமந்து எல்லை தாண்டினார்கள். பிடிபட்டவர்களில் பலர் சைபீரியாவுக்குப் போனார்கள். வீடுகளில் பிள்ளைகள் இரகசியமாக எழுத்துக் கூட்டினார்கள். பெத்ராஸ் ரிம்ஷா செதுக்கிய சிற்பம் ஒன்றில் தாய் இராட்டையில் நூற்கிறாள். பக்கத்தில் குழந்தை புத்தகம் பார்த்துப் படிக்கிறது. 'துயரப் பள்ளி' என்று அதற்குப் பெயர்.

*

பழஞ்சொல் ஒன்று பிழைத்திருப்பதன் இரகசியம் அந்த இராட்டையடியில் இருக்கிறது. மொழியின் தொன்மையைப் போற்றுவது எளிது. அதில் குடியிருப்பதுதான் கடமை: வீட்டில் பேசுவது, குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது, காயத்துக்கும் வேலிக்கும் அந்த மொழியிலேயே பெயர் சொல்வது. வாழ்வதற்கும் குடியிருப்பதற்கும் ஒரே வினை வைத்தவர்கள் இதைச் செய்து காட்டினார்கள்.