அடைக்கலம் தந்த பின்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள தர்மநாதர் ஜைன ஆலயத்தில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பது வழக்கம். கூட்டமாக வந்திறங்கும் புறாக்கள் உண்டு முடித்ததும் பறந்துவிடுகின்றன. அதே ஊரில், சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிடங்குகளின் நிழலில் தெருநாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றால், ஒரு வேளை உணவளிப்பதோடு அவரது அறம் முடிவதில்லை. ஓர் உயிரின் வாழ்நாள் முழுவதற்கும் அவர் பொறுப்பேற்கிறார்.

தெருநாய்கள் குறித்து 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் இதையே உணர்த்துகிறது. விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். அது மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் காப்பது அவர்கள் பொறுப்பு. பொறுப்பைச் சட்டம் வகுத்துவிடும். அதை ஏற்கும் மனப்பக்குவத்தை நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வந்த நாய் பெரும்பாலும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், உணவைத் தொடாது, அருகே சென்றால் உறுமவும் கூடும். "இவ்வளவு செய்தும் இதற்கு நன்றியில்லையே!" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இங்கேதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எழுகிறது. நாம் அடைக்கலம் கொடுத்தது அதன் நலனுக்காகவா, அல்லது அது நம்மீது பொழியப்போகும் அன்புக்காகவா?

அஞ்சிய உயிருக்கு முதலில் தேவைப்படுவது கொஞ்சல் அன்று, நிலையான ஒழுங்கு. ஒரே மூலை, ஒரே நேரத்தில் உணவு, ஒருவரது மென்மையான குரல் ஆகியவை போதும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் காலத்தே போட்டுவிட வேண்டும். அதை வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தாரைக் கூட்டக் கூடாது. சிறுவர்களைத் தனியே அதனருகில் விடக் கூடாது. குனிந்து அணைப்பதையும், கண்ணுக்குள் உற்று நோக்குவதையும் அச்சமுற்ற நாய் மிரட்டலாகவே கொள்ளும். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, பேசாமல் அமர்ந்திருந்தால் அதுவே ஒருநாள் நெருங்கி வந்து மோந்து பார்க்கும். பழகிய பின்னர் அதே பார்வை உறவாக மலர்கிறது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் நோக்கும்போது இருவர் உடலிலும் பாசத்தோடு தொடர்புடைய ஆக்சிடோசின் பெருகுவதை 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். காப்பகங்களில் வாழும் வளர்ந்த நாய்கள்கூட, மூன்றே சிறு சந்திப்புகளில் ஒரு மனிதரிடம் பற்றுக்கொள்ளத் தொடங்குவதை 2001இல் ஹங்கேரி ஆய்வு காட்டியது. உறவுக்கான ஏக்கம் அதனுள் ஏற்கனவே இருக்கிறது. அச்சம் விலகக் காத்திருப்பதே நம் பணி.

"பற்று பந்தமாயிற்றே, மானிடம் மனத்தைப் பறிகொடுத்த பரத மன்னர் மறுபிறவியில் மானாகப் பிறந்தாரே" என்று சாதகர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆற்றில் தத்தளித்த மான்குட்டியைக் காத்தது அவரது பிழையன்று. 'என் மான்' என்ற எண்ணம் அவர் தவத்தை விழுங்கியது. அதைக் காணாதபோது அவர் கலங்கினார். தர்மபுத்திரரின் நிலை வேறு. தம்பியரும் திரௌபதியும் வீழ்ந்த பின்னும் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் அழைத்தபோது அவர் மறுத்தார். அந்த நாய் அவருக்கு எந்தப் பணிவிடையும் செய்ததாக மகாபாரதம் கூறவில்லை. நம்பி வந்ததைக் கைவிடலாகாது என்பது ஒன்றே அவர் கண்ட நியாயம். தர்மதேவதையே அந்த நாயின் வடிவில் வந்திருந்தது.

பரதர் பிரிவுக்கு அஞ்சினார்; தர்மபுத்திரர் கைவிடுவதற்கு அஞ்சினார். இவ்வேறுபாட்டை நாள்தோறும் பயில நம் வீட்டு மூலையில் ஒடுங்கியிருக்கும் நாய் வாய்ப்பளிக்கிறது. அது இன்று வாலை ஆட்டாமல் இருக்கலாம். நாளையும் அதே நேரத்தில் கலத்தில் சோற்றை வைத்துவிட்டு, எதையும் எதிர்பாராமல் சற்று விலகி அமர்வோம்.